நாலு இலவச ஹொஸ்டிங் பனலைப் போட்டுப் பாத்தன், ஒண்டைப் பிடிச்சு, சேர்வரை அழிச்சு எழுப்பியும் பாத்தன்

போன போயா (பௌர்ணமி) லீவண்டு காலமை ஒரு புது சேர்வரை எடுத்து, கையில இருந்த பேக்கப் ஃபைல்களை மட்டும் வச்சு, 11 வெப்சைட்டையும் திருப்பி எழுப்பிப் பாத்தன். 52 நிமிசம். 11உம் எழும்பிச்சுது. மூண்டு மாசமா நான் தேடினது இந்த ஒண்டைத்தான், அதால இப்ப உக்காந்து முழுசா எழுதுறன். லினக்ஸ் சேர்வருக்கு இலவச கொன்ட்ரோல் பனல் (வெப்சைட், மெயில் எல்லாத்தையும் பிரவுசரால நடத்திற மென்பொருள்) தேடுற ஆருக்கும் உதவும் எண்டு நினைக்கிறன்.

முதல்ல என்ர நிலவரம். நான் கொழும்பு வெள்ளவத்தையில இருக்கிறன், வேலை வேற, ஆனா பழக்கத்துக்காக கொஞ்சப் பேருக்கு வெப்சைட் பாத்துக் குடுக்கிறன். காலி வீதியில ஒரு புடவைக் கடை, கொட்டாஞ்சேனையில ஒரு அக்கா நடத்துற ரியூசன் வகுப்பு, ஒரு கோயில், ஒரு பழைய மாணவர் சங்கம், இப்பிடிச் சின்னச் சின்னதா 11 சைட். எல்லாம் வேர்ட்பிரஸ், எட்டுப் பேருக்கு அதோட ஈமெயிலும் வேணும். முந்தி ஒரு ரீசெல்லர் ஹொஸ்டிங்கில (மொத்தமா வாங்கிப் பிரிச்சுக் குடுக்கிறது) சீபனல் எண்ட காசுப் பனலோட இருந்தது. சீபனல் 2019இல எத்தினை கணக்கு இருக்கோ அதுக்கு ஏத்த மாதிரி லைசன்ஸ் காசை மாத்தின பிறகு எல்லா இடமும் விலை ஏறத் தொடங்கிச்சு, அது டொலர்ல, நாங்கள் 2022இல டொலர் 200 ரூபாயில இருந்து ரெண்டு மாசம் மட்டில 360ஐத் தாண்டினதைப் பாத்த ஆக்கள். கோயில் ஐயாவிட்ட போய் இந்த வருசமும் கூட்டித் தாங்கோ எண்டு கேக்க எனக்கு மனம் வரேல்ல. இந்த முறை புதுப்பிக்கிற பில் மாசக் கணக்கில 31 டொலர் வந்தது. சரி, ஒரு விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கிற மெய்நிகர் சேர்வர்) எடுத்து இலவச பனல் போடுவம் எண்டு முடிவெடுத்தன்.

ஒரு சிஆர் கொப்பியில ஆறு விசயம் எழுதி வச்சன், ஒவ்வொரு பனலுக்கும் இதே ஆறுதான். போட எத்தினை நிமிசம். சும்மா இருக்கேக்க எவ்வளவு மெமரி. ஒரு வேர்ட்பிரஸ் சைட்டும், எஸ்எஸ்எல்லும் (பிரவுசர்ல பூட்டுக் குறி வர வைக்கிற சான்றிதழ்) சரியா வருதோ. ஜிமெயிலுக்கு அனுப்பினா இன்பொக்ஸில விழுதோ. தமிழ் எழுத்திலயே இருக்கிற .இலங்கை டொமைனை ஏத்துக்கொள்ளுதோ. கடைசியா, சேர்வரை அழிச்சிட்டு வேற ஒண்டில திருப்பி எழுப்ப ஏலுமோ. கடைசி விசயத்தை சும்மா போலத்தான் எழுதினனான், பேந்து பாத்தா கூடப் பிரயோசனப்பட்டது அதுதான்.

வீட்டுக் கொம்பியூட்டர்ல ரெண்டு பின்னேரம் வீண்

காசு மிச்சம் பிடிப்பம் எண்டு வீட்டில கிடந்த பழைய டெஸ்க்டொப்பில டெபியன் லினக்ஸ் போட்டு அதில பனலைப் பரீட்சிக்கத் தொடங்கினன். இது பிழையான வழி. வீட்டு ஃபைபர் இணைப்பில எங்களுக்கெண்டு தனி ஐபி இல்ல, கனபேர் ஒரு ஐபிக்குப் பின்னாலதான் நிக்கிறம். எஸ்எஸ்எல்லை இலவசமாக் குடுக்கிற லெட்ஸ் என்கிரிப்ட் வழமையான முறையில அதைத் தரோணும் எண்டா அது வெளியில இருந்து எங்கட 80ஆம் போர்ட்டுக்கு (சேர்வரின்ர வெப் வாசல்) வந்து ஒரு சின்ன ஃபைலை வாசிச்சுப் பாக்கோணும், வீட்டுக்கு அது வந்து சேராது. மெயில் பற்றிக் கதைக்கவே தேவையில்ல. ரெண்டு பின்னேரம் ரவுட்டரோட மல்லுக்கட்டிட்டு விட்டன். அந்த டெஸ்க்டொப்புக்குப் பிறகு வேற வேலை வந்தது, கீழ சொல்லுறன்.

பேந்து மணித்தியாலக் கணக்கில வாடகைக்குக் குடுக்கிற ஒரு விபிஎஸ் கம்பனியில சிங்கப்பூர் சேர்வர் எடுத்தன். 2 ஜிபி மெமரி, 50 ஜிபி டிஸ்க், மாசம் 12 டொலர், ஆனா அழிச்சா அந்த மணித்தியாலத்தோட கணக்கு நிக்கும். பின்னேரம் திறந்து ராவைக்கு அழிச்சா சில சதம்தான் போகும். வெள்ளவத்தையில இருந்து பிங் 45 மில்லிசெக்கன் மட்டில வந்தது, ஐரோப்பாச் சேர்வர் ஒண்டையும் பாத்தன் 160க்கு மேல. முழுப் பரீட்சைக்கும் சேத்து எனக்கு முடிஞ்சது 8 டொலரும் கொஞ்சமும், 2,500 ரூபாய் எண்டு வையுங்கோ. ஆராவது பனல் தெரிவு செய்யப் போறீங்கள் எண்டா இப்பிடிச் செய்யுங்கோ, யூடியூப் பாத்து முடிவெடுக்காதேங்கோ.

வேர்ச்சுவல்மின்

முதல்ல இதுதான். லினக்ஸ் சேர்வரைப் பிரவுசரால பாக்கிற வெப்மின் 1997இல இருந்து இருக்கிறது, அதுக்கு மேல ஹொஸ்டிங்குக்காகக் கட்டினதுதான் வேர்ச்சுவல்மின், ஜிபிஎல் பதிப்பு இலவசம், இத்தினை டொமைன்தான் எண்ட கட்டுப்பாடு இல்ல. 10000ஆம் போர்ட்டில திறக்கும்.

நான் இதை முதல் 1 ஜிபி சேர்வர்ல போட்டன், அதுவும் முழுப் பொதியா. ஸ்கிரிப்ட் முடிஞ்சுது, லொகின் வந்தது, பத்து நிமிசத்தில சைட் விழுந்துது. மரியாடிபி (டேட்டாபேஸ்) நிண்டுபோச்சு. திருப்பித் துவக்கினா கொஞ்ச நேரம் ஓடும், திருப்பி நிக்கும். ஒரு மணித்தியாலமா டேட்டாபேஸ் செட்டிங்கைத்தான் நோண்டிக்கொண்டிருந்தன், லினக்ஸின்ர உள் செய்திகளைக் காட்டுற டிமெசேஜ் கொமாண்டை அடிச்சுப் பாத்திருந்தா ஒரு நிமிசத்தில விளங்கியிருக்கும்: மெமரி முடிஞ்சு கேர்னல் ஒவ்வொரு புரோசசா வெட்டிக்கொண்டு நிக்குது. மெமரியைத் திண்டது வைரஸ் தேடுற கிளாம்ஏவி. வைரஸ் அடையாளங்கள் முழுதையும் மெமரியில ஏத்தி வச்சிருக்கிறதால அதுக்கு மட்டும் 1 ஜிபிக்கு மேல போகும், அதை 1 ஜிபி சேர்வர்ல போட்டது என்ர பிழை. சேர்வரை அழிச்சு, 2 ஜிபியில மினிமல் பொதி போட்டு, 2 ஜிபி ஸ்வாப்பும் (மெமரி காணாட்டி டிஸ்க்கில பாவிக்கிற இடம்) வச்சன். பிறகு சும்மா இருக்கேக்க 620 எம்பி மட்டில, ஒரு கிழமை அசையேல்ல.

இன்னொண்டு, போட முதலே சேர்வருக்கு முழு ஹோஸ்ட்நேம் வச்சிடுங்கோ, அதாவது புள்ளி வச்ச முழுப் பேர், அது டிஎன்எஸ்ஸிலயும் (டொமைன் பேரை ஐபிக்கு மாத்திற பட்டியல்) இருக்கோணும். எல்லாப் பனலுக்கும் இது பொது. பிறகு மாத்தலாம் எண்டு விட்டா மெயில், எஸ்எஸ்எல் எல்லாம் பழைய பேரில தொங்கும்.

வேர்ச்சுவல்மின் எனக்குப் பிடிச்சது. எந்த ஃபைலை எழுதுது எண்டு ஒளிக்கிறதில்ல, நேரடியா கொன்ஃபிக் ஃபைலைக் கையால திருத்தினாலும் குழம்பாது. திருப்பி எழுப்புற டெஸ்டும் முதல் தரத்திலயே சரி வந்தது. ஆனா மெனுக்கள் சரியான கூட, ஒரு விசயத்துக்கு மூண்டு இடம் இருக்கு.

சைபர்பனல்

ஓபன்லைட்ஸ்பீட் எண்ட வெப்சேர்வருக்கு மேல கட்டினது, 8090ஆம் போர்ட். வேர்ட்பிரஸ் வேகம் உண்மையாவே வித்தியாசம் தெரிஞ்சுது, புடவைக் கடைச் சைட்டின்ர கொப்பியைப் போட்டுப் பாத்தன், படங்கள் நிறைஞ்ச பக்கம் பட்டெண்டு வந்தது. மெமரி 780 எம்பி மட்டில.

ஒரு இடத்தில ஒரு மணித்தியாலம் போச்சு. எச்டிஆக்சஸ் எண்ட சைட் செட்டிங் ஃபைலில ஒரு ரீடைரக்ட் (வேற பக்கத்துக்கு அனுப்புறது) எழுதிறன், ஒண்டும் நடக்குதில்ல. அப்பாச்சி வெப்சேர்வர் ஒவ்வொரு முறையும் அந்த ஃபைலை வாசிக்கும், நான் அதுக்குப் பழகிப்போனன். ஓபன்லைட்ஸ்பீட் அப்பிடி இல்ல, மாத்தினா சேர்வரை ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணினாத்தான் எடுக்கும். வேர்ட்பிரஸ் ப்ளகின் ஏதாவது அந்த ஃபைலை மாத்தினாலும் இதே கதைதான். தெரிஞ்சிட்டா பிரச்சினை இல்ல, தெரியாட்டி தலை வெடிக்கும்.

2024 ஒக்டோபர்ல இதில லொகின் இல்லாமலே ரூட்டா (முழு அதிகாரத்தோட) உள்ள போகக்கூடிய ஓட்டை ஒண்டு வெளியில வந்தது, அந்த நேரம் கிட்டத்தட்ட 22 ஆயிரம் சேர்வர் இணையத்தில திறந்து கிடந்தது, பிஎஸ்ஏயுஎக்ஸ் எண்ட ரான்சம்வேர் வந்து ஃபைல்களைப் பூட்டிச்சுது. பிறகு திருத்தினவை. இதை வச்சு ஒரு பனலை மட்டும் ஒதுக்கிறது நியாயம் இல்ல எண்டுதான் நினைக்கிறன், வெப்மின்லயும் 2019இல பின்கதவு ஒண்டு பிடிபட்டது, பழைய வெஸ்டா பனலுக்கு 2018இல ரெண்டு தரம் அடி விழுந்தது. எனக்கு இதில இருந்து உறைச்சது வேற: பனல் எண்டுறது ரூட் அதிகாரத்தோட ஓடுற ஒரு வெப்சைட். அதின்ர போர்ட்டை ஊருக்கெல்லாம் திறந்து வச்சிருக்க ஒரு தேவையும் இல்ல. அண்டைக்கே முடிவெடுத்தன், எந்தப் பனல் போட்டாலும் அந்தப் போர்ட்டை ஃபயர்வோல்ல மூடிப்போட்டு எஸ்எஸ்எச் டனல் எண்ட பூட்டின தனி வழியாத்தான் நான் உள்ள போறது. ஒரே ஒரு கொமாண்ட், லப்டொப்பில ஒரு ஷோர்ட்கட்டா வச்சிருக்கிறன். வீட்டு ஐபி நெடுக மாறுறதால ஐபியை மட்டும் அனுமதிக்கிற முறை எனக்கு ஒத்து வரேல்ல.

கிளவுட்பனல்

இது வடிவான பனல். எஞ்சின்எக்ஸ் வெப்சேர்வர் மட்டும், சுத்தமா இருக்கு, ஒவ்வொரு சைட்டுக்கும் தனி யூசர், மெமரி 540 எம்பி மட்டில, போட்டு முடிய ஆறு நிமிசமும் எடுக்கேல்ல. ஒண்டு கவனம், போட்டு முடிஞ்ச உடன 8443ஐத் திறந்து அட்மின் கணக்கை நீங்களே உண்டாக்கிடோணும், இல்லாட்டி அந்த இடைவெளிக்குள்ள ஏதாவது பொட் வந்து உண்டாக்கிடும், அவையளே தங்கட வழிகாட்டியில அப்பிடி எச்சரிக்கினம். தேத்தண்ணி ஊத்தப் போயிட்டு வந்து திறப்பம் எண்டு நினைக்காதேங்கோ.

மெயில் சேர்வர் இதில இல்லவே இல்ல. வேணுமெண்டு விட்டதுதான், மெயிலை வேற ஆரிட்டயாவது வையுங்கோ எண்டு. அது நல்ல யோசனையும்தான். ஆனா என்ர எட்டுப் பேருக்கும் சேத்து 30 மெயில் பெட்டி கிட்ட இருக்கு, பெட்டிக்கு இவ்வளவு டொலர் எண்டு வாங்கப்போனா மிச்சம் பிடிக்க வந்த காசு முழுக்க அங்க போயிடும். எச்டிஆக்சஸும் இல்ல, ஒவ்வொரு ரீடைரக்டையும் விஹோஸ்டில (எஞ்சின்எக்ஸின்ர சைட் செட்டிங்) நானே எழுதோணும். மெயில் தேவையில்லாத ஆள் எண்டா நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லுவன்.

ஐஎஸ்பிகொன்ஃபிக் எண்ட பனலைப் பற்றி வாசிச்சதோட விட்டன், பல சேர்வரை ஒரு இடத்தில இருந்து நடத்துற ஆக்களுக்குத்தான் அதின்ர பலம் விளங்கும், எனக்கு ஒண்டே ஒண்டுதான். செண்ட்ஓஎஸ் எண்ட லினக்ஸ் வகையை நம்பி வளந்த பனல்களையும் தொடேல்ல, அதின்ர 7ஆம் பதிப்புக்கு அப்டேட் 2024 ஜூன் 30ஓட நிண்டுபோச்சு.

ஹெஸ்டியா

வெஸ்டாவில இருந்து பிரிஞ்சு வந்தது. டெபியன், உபுண்டு ரெண்டில மட்டும்தான் ஓடும், 8083ஆம் போர்ட். முன்னால எஞ்சின்எக்ஸ், பின்னால அப்பாச்சி, அதால வேகமும் கிடைக்கும் எச்டிஆக்சஸும் வேலை செய்யும். மெயில் அனுப்ப எக்சிம், பெட்டியில எடுத்துப் பாக்க டவ்கொட்.

போட வெளிக்கிட்ட உடனயே நிண்டுபோச்சு. அட்மின் எண்ட பேரில ஏற்கனவே ஒரு யூசர் இருக்கு எண்டு சொல்லிச்சு. எனக்கு ஒரு பழக்கம், புது சேர்வர் எடுத்தா முதல் வேலையா அட்மின் எண்டு ஒரு யூசரைச் சேத்து எஸ்எஸ்எச் சாவியைப் போட்டுவிடுவன். போர்ஸ் (கட்டாயமாப் போடு) எண்ட தெரிவைக் குடுத்துத் தாண்டலாம், ஆனா நான் சேர்வரைத் திருப்பி வெறுமையாக்கிப் போட்டுத்தான் தொடங்கினன், இப்பிடியான விசயத்தில முதல் அடியே கோணலா இருந்தா பிறகு எது எதால வருது எண்டு தெரியாது. கிளாம்ஏவி வேண்டாம், ஸ்பாம்அசாசின் வேண்டாம் எண்டு தெரிவு செய்து போட்டன், 13 நிமிசம், சும்மா இருக்கேக்க 690 எம்பி.

எஸ்எஸ்எல்ல திருப்பி ஒரு பிழை விட்டன். வெப்சைட்டுக்கு எஸ்எஸ்எல் வந்திட்டுது, மெயில் டொமைனுக்கு வருதில்ல. திருப்பித் திருப்பி சேவ் அமத்தினன். லெட்ஸ் என்கிரிப்ட் ஒரு பேருக்கு மணித்தியாலத்துக்கு அஞ்சு தோல்விதான் பொறுக்கும், ஆறாந்தரம் லிமிட் எண்டு வந்தது. அப்பதான் லொக்கைத் திறந்து வாசிச்சன். மெயில் டொமைனுக்கு எஸ்எஸ்எல் கேக்கேக்க ஹெஸ்டியா மெயில், வெப்மெயில் எண்டு ரெண்டு சப்டொமைனுக்கும் சேத்துக் கேக்குது, என்ர டிஎன்எஸ்ஸில மெயில் மட்டும்தான் இருந்தது, வெப்மெயில் ரெக்கோர்ட் இல்ல. ஒரு வரி சேத்து, ஒரு மணித்தியாலம் பொறுத்து ஒருக்கா அமத்தினன், வந்திட்டுது.

.இலங்கை டொமைன் பரீட்சை எனக்கு மனசுக்குக் கிட்டினது. பழைய மாணவர் சங்கத்துக்கு முழுக்கத் தமிழ் எழுத்திலயே ஒரு டொமைன் எடுத்து வச்சிருக்கிறம், முந்தின இடத்தில அதைச் சேக்க வெளிக்கிட்டா பிழை எண்டு துப்பும், ரெண்டு வருசமா அது சும்மா கிடந்தது. ஹெஸ்டியாவில புது டொமைன் பெட்டியில தமிழ்லயே ஒட்டி சேவ் குடுத்தன், எடுத்துக்கொண்டுது. பட்டியலில எக்ஸ்என் எண்டு தொடங்கிற நீட்டு ஆங்கில எழுத்துகளாத்தான் தெரியும், பியூனிகோட் எண்டு சொல்லுறது, டிஎன்எஸ்ஸுக்குத் தமிழ் எழுத்து நேரடியா விளங்காது தானே. எஸ்எஸ்எல்லும் வந்தது. ஃபோன்ல எங்கட எழுத்தில டைப் பண்ணி என்டர் குடுக்க பள்ளிக்கூடத்தின்ர படம் வந்து நிண்டுது, வீட்டில எல்லாருக்கும் கொண்டுபோய்க் காட்டினன்.

மெயில்தான் இழுத்தது. விபிஎஸ் கம்பனி வெளியில மெயில் போற 25ஆம் போர்ட்டை மூடி வச்சிருந்தது, டிக்கெட் போட்டன், புதுக் கணக்குக்குத் திறக்கிறதில்ல எண்டு மறுமொழி. ஸ்பாம் அனுப்புற ஆக்களாலதான் இது, கன இடத்தில இதே நிலைதான், அதால சேர்வர் வாங்க முதலே கேட்டு வையுங்கோ. ஹெஸ்டியாவில எஸ்எம்டிபி ரிலே (எங்கட மெயிலை வேற சேர்வரால அனுப்புறது) போட இடம் இருக்கு, ஒரு ரிலே சேவையின்ர இலவச அளவுக்குள்ள 587ஆம் போர்ட்டால அனுப்ப வச்சன். எங்கட எட்டுப் பேரும் ஒரு நாளைக்கு 60 மெயில் அனுப்பினாலே பெரிசு. மெயில் உண்மையா எங்கட டொமைனில இருந்துதான் வருது எண்டு காட்ட மூண்டு டிஎன்எஸ் வரி வேணும்: எஸ்பிஎஃப்பில ரிலேயையும் சேத்து, டிகிம் சாவியை டிஎன்எஸ்ஸில போட்டு, டிமார்க்கும் ஒண்டு எழுதினன். ஜிமெயில் 2024 பெப்ரவரியில இருந்து இதில கடுமை. அனுப்பிப் பாத்திட்டு ஜிமெயிலில ஒரிஜினலைக் காட்டு எண்டதைத் திறந்தா மேல மூண்டு வரி இருக்கும், மூண்டிலயும் பாஸ் எண்டு வரோணும். முதல் தரம் டிகிம் ஃபெயில். டிகிம் சாவி நீளம், டிஎன்எஸ் பெட்டியில ஒட்டேக்க நடுவில ஒரு வெறுமை இடம் விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்ல, எழுத்தெழுத்தா ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிச்சன்.

மெயில் இல்லாத கிளவுட்பனலையும், எச்டிஆக்சஸில தலையிடி தந்த சைபர்பனலையும் விட்டா, இப்ப வேர்ச்சுவல்மின்னா ஹெஸ்டியாவா எண்டு நிக்குது. நான் வருத்தத்தில படுத்தா வேற ஒராள் பாக்கோணும், அது என்ர தங்கச்சி, அவ கணக்காளர், சேர்வர் தெரியாது. குசினி மேசையில லப்டொப்பை வச்சு, ரியூசன் அக்காவுக்கு ஒரு புது மெயில் பெட்டி திறந்து பாஸ்வேர்ட் மாத்தித் தாங்கோ எண்டு ஒரு துண்டில எழுதிக் குடுத்திட்டு வாய் திறக்காம நிண்டன். ஹெஸ்டியாவில 4 நிமிசம். வேர்ச்சுவல்மின்ல 17 நிமிசம், அதுக்குள்ள மூண்டு தரம் "அண்ணா இது எங்க கிடக்கு" எண்டு கேட்டா. எனக்கு வேர்ச்சுவல்மின் கூடப் பிடிக்கும், ஆனா ஹெஸ்டியாவைப் பிடிச்சன்.

மாத்தினது, டிஸ்க் நிறைஞ்சது

சைட்டுகளை ஒண்டொண்டா மாத்தினன். டிடிஎல்லை (டிஎன்எஸ் பதிலை மற்றச் சேர்வர்கள் நினைவில வச்சிருக்கிற நேரம்) முதல் நாளே 300 செக்கனுக்குக் குறைச்சிட்டு மாத்தோணும், ரியூசன் அக்கான்ர டொமைனுக்கு மட்டும் மறந்துபோனன். அடுத்த நாள் ஃபோன் எடுத்து "தம்பி, ரெண்டு பிள்ளையளின்ர தாய்மார் மெயில் போட்டவையாம், எனக்கு வரேல்ல" எண்டா. பழைய சேர்வர்ல போய் விழுந்து கிடந்தது. பழையதை நிப்பாட்டாம வச்சிருந்ததால மெயில்களைக் கொப்பி பண்ணுற ஐமேப்சிங்க் ஓட்டி எடுத்துக் குடுத்தன். பழையதை ஒரு மாசமாவது வச்சிருங்கோ.

பெரிய பிழை வேற. அவசரத்தில 11 சைட்டையும் ஒரே யூசருக்குக் கீழ போட்டிட்டன். ஹெஸ்டியா பேக்கப் எடுக்கிறது யூசருக்கு ஒரு டார் (எல்லாத்தையும் ஒண்டாக் கட்டின) ஃபைல், முழுசா. கோயில் சைட்டில தேர்த்திருவிழாப் படங்களே 6 ஜிபி, எல்லாம் சேத்து 14 ஜிபி டார் ஒண்டு. மூண்டு கொப்பி வைக்கச் சொல்லி நானே போட்டது, அதே 50 ஜிபி டிஸ்க்கில. மூண்டாம் நாள் விடிய டிஸ்க் நிறைஞ்சு மரியாடிபி நிண்டு 11 சைட்டும் ஒண்டா விழுந்துது. புடவைக் கடை மாமா தான் முதல்ல எழுப்பினவர், காலமை ஆறரைக்கு. பழைய ரெண்டு டாரை அழிச்சு டேட்டாபேஸைத் துவக்கினதும் எல்லாம் வந்தது, ஒண்டும் போகேல்ல, ஆனா அந்த அரை மணித்தியாலம் கை நடுங்கிச்சு.

அந்த ஞாயிறு முழுக்க ஒவ்வொருத்தருக்கும் தனி யூசராப் பிரிச்சன். டொமைன் உரிமையாளரை மாத்த ஒரு கொமாண்ட், டேட்டாபேஸுக்கு இன்னொண்டு, டேட்டாபேஸ் பேருக்கு முன்னால யூசர் பேர் ஒட்டியிருக்கிறதால ஒவ்வொரு வேர்ட்பிரஸ் கொன்ஃபிக் ஃபைலையும் திறந்து பேரை மாத்தோணும். முதல்லயே பிரிச்சுப் போட்டிருந்தா பத்து நிமிச வேலை, இப்ப அஞ்சு மணித்தியாலம். இப்ப டார்கள் சின்னன், ஒருத்தரை மட்டும் திருப்பி எழுப்பலாம், ஒரு சைட்டுக்குள்ள ஆரும் புகுந்தாலும் மற்றச் சைட்டின்ர ஃபைலைத் தொட ஏலாது.

சேர்வர்ல ஒரு கொப்பி மட்டும் வைக்கிறன். மற்றது வீட்டுக்கு. அந்தப் பழைய டெஸ்க்டொப்தான், வெளியில இருந்து வீட்டுக்கு வர ஏலாட்டியும் வீட்டில இருந்து வெளிய போகலாம் தானே, அது கிழமைக்கு ஒருக்கா ராவில ஆர்சிங்க் ஓட்டி டார்களை இழுத்து வைக்குது. ஒவ்வொரு நாளும் இழுத்தா வீட்டு டேட்டா அளவு காணாது.

அழிச்சு எழுப்பினது

போயா லீவு வந்தது. புது சேர்வர், அதே டெபியன், ஹெஸ்டியா, வீட்டு டார்களை பேக்கப் ஃபோல்டருக்குள்ள ஏத்தி, ரீஸ்டோர் கொமாண்டை யூசர் யூசரா ஓட்டினன். உண்மையான டிஎன்எஸ்ஸைத் தொடாம என்ர லப்டொப் ஹோஸ்ட்ஸ் ஃபைலில மட்டும் புது ஐபியைப் போட்டு ஒவ்வொரு சைட்டாத் திறந்து பாத்தன். பத்து வந்தது. பழைய மாணவர் சங்கச் சைட் வெள்ளைப் பக்கம். அது வேர்ட்பிரஸ் எழுதின மொழியான பிஎச்பியின்ர 7.4இல ஓடுது, புதுச் சேர்வர்ல நான் 8 வகை மட்டும்தான் போட்டிருந்தன். 7.4ஐச் சேத்து அந்த டெம்ப்ளேட்டை மாத்த அதுவும் வந்தது. இப்ப கொப்பியில எந்தச் சைட்டுக்கு எந்த பிஎச்பி எண்டு ஒரு பக்கம் எழுதி வச்சிருக்கிறன், பேக்கப்போட அதையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலாச் சேத்து விடுறன்.

மாசச் செலவு இப்ப சேர்வர் 12 டொலர், விபிஎஸ் கம்பனியின்ர ஸ்னாப்ஷொட்டுக்கு 2.40, ரிலே இலவசம். 300 ரூபாய்க் கணக்கில 4,320 ரூபாய், முந்தி 9,300. திருப்பித் தொடங்கிறதெண்டா 4 ஜிபி சேர்வர்ல தொடங்குவன், 2 ஜிபி ஓடுது ஆனா அப்டேட் ஓடேக்க ஸ்வாப்புக்குள்ள போகுது. ஒவ்வொரு இரவும் முழு டார் எடுக்காம மாறினதை மட்டும் எடுக்கிற முறைக்குப் போவன், அதை அடுத்துப் பாக்கோணும்.

பிஎச்பி 7.4 2022 நவம்பரோட கைவிடப்பட்டது, அதில ஒரு சைட் ஓடுறது எனக்குப் பிடிக்கேல்ல. அதின்ர தீம் ஆரோ எழுதிக் குடுத்தது, 8இல உடையுது. சங்கச் செயலாளர் அண்ணையோட கதைச்சிட்டன், அடுத்த போயாவுக்குள்ள தீமை மாத்துறம், பிறகு திருப்பி ஒருக்கா அழிச்சு எழுப்பி நேரம் பாப்பன்.